ஒயில் மணமும் உளுந்து வடையும்

ரொறன்ரோவின் கிழக்குப் புறத்தில் நாங்கள் குடிவந்த தொடர்மாடியில் வாடகை ஏன் அவ்வளவு குறைவு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலிவாகக் கிடைத்த ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டால் அது கைநழுவிப் போய்விடும் என்று இலங்கையிலிருந்து ஓடிவந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். வீட்டைக் காட்டியவரும் கெட்டிக்காரர். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், யன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்த நேரமாகப் பார்த்துக் கூட்டிவந்தார். தண்டவாளத்துக்கு அப்பால் வரிசையாக நின்ற பெரிய தாங்கிகளைக் காட்டி, அவை என்ன என்று என் கணவர் கேட்டார். தண்ணீர்த் தாங்கிகளாக இருக்கும் என்றார் அவர். நல்ல தண்ணீர் வசதியுள்ள இடம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

பனி கரைந்து யன்னலைத் திறந்த அன்றுதான் அவை என்ன தாங்கிகள் என்று தெரிந்தது. நகரத்துக் கராஜ்களில் கார்களிலிருந்து வடித்தெடுக்கும் பழைய ஒயிலை லொறி லொறியாகக் கொண்டுவந்து, அங்கே கொதிக்கவைத்து, அழுக்கைப் பிரித்து, மறுபடியும் விற்பார்கள். காற்றுக் கிழக்கிலிருந்து அடித்தால், லொறி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு படுப்பதுபோல இருக்கும். காயப்போட்ட உடுப்பில் அந்த மணம். குடிக்கிற தேநீரில் அந்த மணம். தலை எத்தனை தரம் முழுகினாலும் மயிரிலிருந்து போகாது.

இதற்கிடையில் கட்டிட நிர்வாகம் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் கதவுகளுக்கு அடியால் ஒரு நோட்டீஸ் தள்ளும். ஒயிலைப் பற்றியல்ல, எங்கள் சமையலைப் பற்றி. கறி மணம் நடைபாதைக்கு வருகிறதாம், மற்றவர்களுக்கு இடைஞ்சலாம், கவனத்தில் எடுக்கட்டாம். வெளியே ஒரு கம்பனி இரவு பகலாகப் பழைய ஒயில் காய்ச்சிக்கொண்டிருக்க, இந்தக் கட்டிடத்தின் காற்றைக் கெடுப்பது மீன்குழம்புதான் என்று கண்டுபிடித்த அந்த மூக்கை மெச்சத்தான் வேண்டும். அதைவிட மெச்ச வேண்டியவர்கள் எங்கள் சனம். அவர்கள் அதை நம்பினார்கள். கதவடியில் ஈரத் துவாயை மடித்து வைத்துவிட்டுத்தான் மீன் பொரிப்பார்கள். பக்கத்து வீட்டு அன்ரி மன்னாரிலிருந்து வந்தவர். மீன் இல்லாமல் அவருக்கு ஒரு கவளம் இறங்காது. அவர் வீட்டில் அந்தத் துவாய் எப்போதும் கதவடியிலேயே கிடக்கும்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. வந்த இரண்டாவது கோடையில் அவளுக்குத் தொய்வு தொடங்கியது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதுவது கேட்கும். டாக்டர் வாயில் வைத்து மருந்தடிக்கும் ஒரு பஃபரைத் தந்து, வெளியே மணம் வரும் நாட்களில் யன்னலைத் திறக்கவே வேண்டாம் என்றார். கோடையில் காற்று முக்கால்வாசி நாள் எங்கள் பக்கம்தான். வீட்டில் ஏசி இல்லை. பூட்டிய வீட்டுக்குள் பிள்ளை வேர்த்து நனைந்துபோய்க் கிடக்கும். திறந்தால் இழுக்கும். ஒருமுறை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய், அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அவர்கள் யன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளையை அதன் ஓரமாகப் படுக்கவைத்தார்கள். விடியும்வரை ஒரு இருமல் இல்லை. காலையில் எழும்பி அவள் கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அம்மா, எங்கட வீட்டு யன்னல் எப்ப திறக்கும்?"

அந்தக் கேள்வியோடுதான், மகளுக்கு நான்கு வயதான அடுத்த வசந்தத்தில், ஒயில் மணத்தைப் பற்றி நகரசபை கூட்டிய முதல் கூட்டத்துக்கு நான் போனேன். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கூட்டம். எங்கள் ஆட்கள் எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையிலிருந்துதான் இடத்தை நிரப்புவார்கள். நேரத்துக்கு வந்தவன் கடைசி வரிசை, கொஞ்சம் பிந்தியவன் நடு வரிசை. நான் வேலை முடிந்து ஓடிவந்ததில் நன்றாகவே பிந்திவிட்டேன். முன்வரிசையில் மட்டும்தான் கதிரை இருந்தது. இருந்தேன். முன்னுக்கு இருக்கிறாள், ஆகவே துணிந்தவள் என்று முடிவுகட்டி, கூட்டம் முடிவதற்குள் என்னைக் குடியிருப்பாளர் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலமும் தெரியும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சாட்சி சொன்னார். டோனட் கடையில் நான் கோப்பி விற்கும்போது அவர் கேட்டிருக்கிறாராம். பெரியதா சிறியதா, பால் எவ்வளவு, சீனி எவ்வளவு. அந்த ஆங்கிலத்தோடு ஒயில் கம்பனியோடு பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

"உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்றார் என் கணவர். பிறகு மகளின் அறையைப் பார்த்துவிட்டு, கூட்ட நாட்களில் சமைப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது. ஒரு பக்கம் நகரசபையின் திட்டமிடல் அதிகாரி. நல்ல பெண்மணி. ஒவ்வொரு வசனத்தையும் தொடங்கும்போது இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தலையாட்டுவார். மற்றப் பக்கம் கம்பனியின் மனிதர். இளநீலச் சேர்ட், ஓயாத புன்னகை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெட்டி டோனட் கொண்டுவருவார். எங்கள் கடையில்தான் வாங்குவார். காலையில் நான் அடுக்கிக் கட்டிக்கொடுத்த டோனட்டைப் பின்னேரம் எனக்கே நீட்டி, எடுங்கள், வெட்கப்படாதீர்கள் என்பார். காலையில் பார்த்த முகம் இதுதான் என்று ஒருநாளும் அவருக்குப் பிடிபடவில்லை.

கம்பனியை உடனே மூடச் சொல்ல முடியாதாம். கட்டிடங்கள் வருவதற்கு முன்பே அவர்கள் அனுமதி எடுத்தவர்களாம். வழக்குப் போட்டால் இழுபட்டுக்கொண்டே போகுமாம். ஆகவே படிப்படியாக நிறுத்துவது. அந்தச் சொல் மேசையில் வந்து விழுந்ததும் எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி. நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தமாட்டோம் என்று சொல்லவும் வேண்டாம். இனி எத்தனை வருடம் என்பதுதான் கதை. கம்பனி மனிதர் பதினைந்து என்றார். அதிகாரி ஐந்து என்றார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் வருடத்தைச் சொல்லச் சொல்ல நான் அதை மகளின் வயதோடு கூட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து என்றால் ஒன்பது வயது. பதினைந்து என்றால் பத்தொன்பது. அதாவது யன்னல் திறக்கிற காலத்தில் அவள் என்னோடு இருக்கவே மாட்டாள். எனக்கு மேசையைப் புரட்டிவிட வேண்டும்போல இருந்தது. டோனட்டைத்தான் எடுத்துச் சாப்பிட்டேன்.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். மணம் உண்மையிலேயே வீடுகளுக்குள் வருகிறதா என்று முதலில் பார்ப்பது. அதற்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு நிபுணர் வருவார். மணத்தை மோந்து பார்த்து அளவு சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற மனிதர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். மூக்கால் சம்பளம் எடுக்கிறவர்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூக்குக்காரர் எங்கள் கட்டிடத்துக்கு வருவார், வீடு வீடாகப் போவார், மோந்து பார்ப்பார், எழுதுவார். மணம் பலமென்றால் ஐந்து வருடத்துக்குக் கிட்ட, இல்லையென்றால் பதினைந்துக்குக் கிட்ட. என் மகளின் யன்னல் அவருடைய மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மாடி மாடியாக ஏறி இறங்கி எல்லா வீட்டுக்கும் சொன்னேன். மணம் பார்க்க நகரசபையிலிருந்து ஆள் வருகிறார், வீட்டில் இருங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்த ஓமைக் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். மணம், அதிகாரி, பரிசோதனை என்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால், கதவடியில் துவாய் வைத்துப் பழகிய சனத்துக்கு என்ன விளங்கும்? தங்கள் வீட்டு மணத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று விளங்கும்.

வெள்ளிக்கிழமையிலிருந்தே கட்டிடம் முழுக்கக் கழுவல். கீழ்மாடியில் கிருமிநாசினி, நடுமாடியில் எலுமிச்சை வாசனை போட்ட தரைத்திரவம், மேல்மாடியில் இரண்டுமே. சனிக்கிழமை மத்தியானம் சாமி அறைகளிலெல்லாம் சாம்பிராணி. வேதக்கார வீடுகளில் மாதா படத்துக்கு முன்னாலும் சாம்பிராணி. அந்த ஒரு நாள் எங்களுக்குள் மத வித்தியாசமே இல்லை. பிறகு, வீட்டுக்கு ஒரு மனிதர் வருகிறார், அதுவும் அரசாங்க மனிதர், வெறும் வயிற்றோடு அனுப்புவதா? உளுந்து வடை, றோல்ஸ், பற்றிஸ், ஒரு வீட்டில் பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று வைத்திருந்த கேக். மத்தியானம் திரும்பவும் நான் ஓடி ஓடிச் சொன்னேன். ஒன்றும் பொரிக்காதீர்கள், அந்த மனிதர் சாப்பிட வரவில்லை. என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வீடு நாறுது என்று எழுதிப்போட்டால் நாளைக்கு வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவாங்கள், நீயோ வந்து பதில் சொல்லுவாய் என்று ஒரு அண்ணை கேட்டார். அவர் பயந்ததில் பிழை இல்லை. அதிகாரி வீட்டுக்கு வந்து நல்லது நடந்ததாக எங்களில் ஒருவருக்கும் அனுபவம் இல்லை.

மூக்குக்காரர் மெலிந்த, மரியாதையான மனிதர். முதல் வீட்டில் கதவு திறந்ததும் கண்ணை மூடி, மெல்ல மூச்சிழுத்தார். சாம்பிராணிப் புகை நேரே உள்ளே போயிருக்க வேண்டும். இருமினார். உடனே அவரை இருத்திவிட்டார்கள். வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்வது எங்கள் வீடுகளில் மரியாதைக்குச் சொல்வது, இரண்டாம் முறை கேட்கும்வரை அதற்கு அர்த்தமில்லை. மூன்றாம் வீட்டில் றோல்ஸில் இருந்த மிளகாய் வேலையைத் தொடங்கியது. ஐந்தாம் வீட்டில் மூக்கால் ஓடத் தொடங்கியது. இரு தரப்பும் நம்பிய அந்த மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவர் மாடியேறினார். நான் பின்னால் போனேன். இதைவிடக் கம்பனி மனிதரே வந்து மோந்து பார்த்திருக்கலாம்.

என் வீட்டில் மட்டும் ஒன்றும் சமைக்கவில்லை. மகளைக் கணவரோடு மோர்னிங்சைட் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடிந்ததிலிருந்து யன்னல்களை அகலத் திறந்து வைத்திருந்தேன். காற்று கிழக்கிலிருந்துதான். எப்போதும் சபிக்கிற காற்றை அன்று கும்பிட்டேன். இந்த ஒரு வீட்டிலாவது ஒயில் மணம் கெடாமல் காத்திருக்கும் என்று கதவைத் திறந்தேன். உள்ளே என் சாப்பாட்டு மேசையில், சுடச்சுட ஒரு தட்டு வடை. பக்கத்தில் இரண்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கென்று என் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்று அவரிடம் இருக்கும்.

"வீட்டில ஒண்டுமே இல்லாமல் இருந்துது பிள்ளை," என்றார் என் காதுக்குள். "மனிசன் உன்னைப் பற்றி என்ன நினைக்கும்?" யன்னலையும் அவரே சாத்தியிருந்தார். ஒயில் மணமாம், வாறவருக்கு வெட்கக்கேடாம்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. மூக்குக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வடையைக் கடித்துவிட்டு, இதுதான் இந்தக் கட்டிடத்திலேயே நல்லது என்றார். அன்ரிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கையில் ஒரு பார்சலும் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்தார்கள். கட்டிடத்துக்குள் மேலோங்கி இருந்தது வீட்டுச் சமையல் மணமும் வாசனைப் புகையும், தொழிற்சாலை மணம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. விருந்தோம்பல் சிறப்பாக இருந்ததாகவும் ஒரு வரி. கம்பனி மனிதரின் புன்னகை காதுவரை போனது. அவர் எங்கள்மேல் கோபப்படவில்லை. பரிதாபப்பட்டார். பதினைந்து வருடம் போதும், அதோடு கம்பனி தன் செலவில் எங்கள் குசினிகளுக்குப் புகை இழுக்கும் காற்றாடி பூட்டித்தரும் என்றார். அதிகாரி அதை மிகத் தாராளமான மனம் என்று குறித்துக்கொண்டார். நகரமே நாறக் காய்ச்சுகிறவன், எங்களுக்குக் காற்றோட்டம் தானம் பண்ணுகிறான்.

வீட்டுக்கு வந்து அன்ரியிடம் சொன்னேன். மறைக்க மனமில்லை, கோபம் அடங்கவும் இல்லை. அவர் கட்டிலில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மகளுக்கு இழுப்பு வரும் ராத்திரிகளில் என்னோடு விழித்திருப்பவர் அவர்தான். நெஞ்சில் தைலம் தடவி, ஜெபமாலை உருட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பார்.

"என்ர வடையோ பிள்ளை அவனுக்குச் சாட்சி சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கூட்டத்தை எங்கள் கட்டிடத்திலேயே வைத்தால் என்ன என்று நான் அதிகாரியிடம் கேட்டேன். சமூகத்தோடு நெருங்கிப் பழகுவது நல்லது என்று அவர் உடனே சம்மதித்தார். கம்பனி மனிதர் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர், அவர் எங்கேயும் வருவார். கீழ்மாடியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு பொது அறை இருந்தது. ஜூலை மாதம். நான் திரும்பவும் வீடு வீடாகப் போனேன். இந்த முறை எல்லோரும் கூட்டத்துக்கு வாருங்கள், ஆனால் வடை இல்லை, தேநீர் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை. அது அவர்களுக்கு ஒயில் மணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. செத்த வீட்டிலகூடத் தேத்தண்ணி குடுப்பினமே என்றார் அந்த அண்ணை. ஆனால் அறிக்கையின் கதை அதற்குள் கட்டிடம் முழுக்கப் பரவியிருந்தது. ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை.

அறையின் யன்னல்களை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தேன். மணம் வரும் நாட்களில் யன்னல்களைச் சாத்தி வைக்கும்படி டாக்டரைப் போல நகரசபையும் முதல் கூட்டத்திலேயே எங்களுக்குப் புத்திமதி சொல்லியிருந்ததே. கால் மணித்தியாலத்தில் இளநீலச் சேர்ட் கடும்நீலமாகிவிட்டது. யன்னலைத் திறக்கலாமா என்று கம்பனி மனிதர் கேட்டார். தாராளமாக என்று திறந்துவிட்டேன். காற்று கிழக்கிலிருந்து வந்தது, தன் சாமான்களோடு வந்தது. அதிகாரி வாயைப் பொத்தினார். கம்பனி மனிதர் கொஞ்ச நேரம் புன்னகையோடு சமாளித்தார். பிறகு சாத்தலாமா என்று அவரே கேட்டார். சாத்தினேன். வெக்கை. மறுபடியும் திறக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று கோடையாகச் செய்கிற காரியத்தை அவர் ஒரு பின்னேரத்தில் பழகிக்கொண்டார். பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை எங்கள் சனம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்கு இருமல் தொடங்கியது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துக் கதிரையில் அன்ரி இருந்தார். கம்பனி மனிதர் அவரைப் பார்த்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, வோட்டர் என்றார். அந்தச் சொல் அன்ரிக்கு விளங்கும். அவருடைய கை தன்பாட்டில் கதிரையின் கைப்பிடியை ஊன்றிவிட்டது. எழும்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"தண்ணி படிப்படியாத்தான் குடுக்கலாம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அவர்களிடம் கற்ற ஆங்கிலத்திலேயே சொன்னேன். இந்த அம்மா கொள்கையளவில் தண்ணீர் தரச் சம்மதம். ஆனால் உடனடியாகத் தருவது நடைமுறைக்கு ஒத்துவராது. நியாயமான ஒரு கால எல்லைக்குள் படிப்படியாகத் தருவார். பதினைந்து நிமிடம் அவருக்கு வசதி, ஐந்து என்றால் பேசிப் பார்க்கலாம். பிறகு என் வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை. என் மகளுக்கு நான்கு வயது என்றேன். நீங்கள் பதினைந்து என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் பத்தொன்பது என்று எண்ணுகிறேன், அதுவரை அந்தப் பிள்ளை எந்தக் காற்றில் மூச்சுவிடுவது என்று கேட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கம்பனி மனிதரின் புன்னகை முதல்தரம் காணாமல் போயிருந்தது. அன்ரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழும்பிப் போய், ஒரு கிளாஸைக் கழுவி, தண்ணீரை நிரப்பி, கீழே ஒரு தட்டும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, இன்னும் வேண்டுமா என்று கையால் கேட்டார்.

அன்று மோந்து பார்த்த மூக்கு அதிகாரியின் சொந்த மூக்கு. அடுத்த வாரம் மூக்குக்காரரைச் சொல்லாமல் கொள்ளாமல், ஒரு வேலைநாள் காலையில் அனுப்பிவைத்தார். வடை இல்லை, புகை இல்லை, பாதி வீடுகளில் ஆளே இல்லை. இந்த முறை அறிக்கையில் ஒயில் மணம் இருந்தது, விருந்தோம்பல் பற்றி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கூட்டங்கள் நகரசபையின் ஏசி அறைக்கு மாறிவிட்டன. அங்கே இருந்து பேசிப் பேசி ஆறு வருடத்தில் கொண்டுவந்து முடித்தார்கள். நான்கும் ஆறும் பத்து. கையெழுத்தான அன்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். அன்ரியின் ஒரு கிளாஸ் தண்ணீர் ஒன்பது வருடத்தைக் குறைத்தது என்று கட்டிடத்தில் இன்றும் சொல்வார்கள். அதிகாரியைக் கேட்டால் தன் பொறுமை என்பார்.

ஆறு வருடமும் ஓடியது. மகள் பஃபரைத் தானே அடிக்கப் பழகினாள். பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்து, இன்று யன்னல் திறக்கலாமா இல்லையா என்று சொல்லப் பழகினாள். கம்பனி ஒவ்வொரு வருடமும் ஒரு தாங்கியை நிறுத்தி, அதற்கு ஒரு விழா வைத்தது. இடையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எங்களுடையது உட்பட, சுற்றியிருந்த நகரசபைகளையெல்லாம் ரொறன்ரோவோடு சேர்த்து ஒன்றாக்கினார்கள். தொழிற்சாலையை மூட ஒப்பந்தம் போட்ட நகரசபை, தொழிற்சாலைக்கு முன்னரே மூடப்பட்டுவிட்டது. அதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசித் தாங்கியும் நின்ற கோடையில், மகளின் கட்டிலை யன்னலோரமாக இழுத்துப் போட்டோம். அவளுக்குப் பத்து வயது. முதல் இரவு நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சில் விசில் இல்லை. மரங்களின் சத்தம்தான் கேட்டது. இந்தக் கட்டிடத்தைச் சுற்றி இவ்வளவு மரங்கள் நின்றது அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்துக்கு அன்ரி சனிக்கிழமை ஒரு பெரிய விளைமீன் வாங்கிவந்து பொரித்தார். கதவையும் திறந்து வைத்துப் பொரித்தார்.

திங்கட்கிழமை நிர்வாகத்தின் நோட்டீஸ் வந்தது. வெளியே நாற்றம் ஓய்ந்துவிட்டதில், உள்ளே இருக்கும் மணம் அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அன்ரி அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் குசினியில் இருந்ததால் மகள்தான் வாசித்தாள். கடும் மணமுள்ள சமையலை உடனடியாக நிறுத்தவும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். அன்ரி கேட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய் அந்தப் பழைய துவாயை நனைத்து எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தார்.

மகள் நோட்டீஸை இன்னொருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஒயில் ஆக்களுக்கு சிக்ஸ் இயர்ஸ் குடுத்தவை," என்றாள். "அன்ரிக்கு ஏன் இமீடியட்லி?"

நான் நடைபாதைக்குப் போய் அன்ரியின் கையிலிருந்த துவாயை வாங்கினேன். நன்றாகப் பிழிந்து, மகளின் திறந்த யன்னலில் காயப்போட்டேன்.